மேசை எங்கள் வீடு, கதிரை அண்ணை வீடு

என் இரண்டு கையும் ரியூப் மணக்கின்றன. சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவியும் போகவில்லை. உன் பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி, சாமான் கட்டுவதற்கென்று வைத்திருந்தாயே, அந்தப் பட்டிதான். விடிய ஐந்தரைக்கே அதை என் ஸ்கூற்றர் கரியரில் இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒன்பது வீட்டுப் படலைகளைத் திறந்து, நேற்றைய நாடகத்துக்கு வாங்கிய இரவல் சாமான்களைக் கொடுத்துவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, கந்தோர் இல்லை. ரியூப் மணத்துக்குள் டெற்றோல் மணமும் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. அது உன்னுடையது.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் உன் மகள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து தந்தாள். "அம்மா உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ, அன்ரி" என்றாள். உள்ளே இந்தப் பட்டியும் உன் நீல மட்டைக் கொப்பியும் இருந்தன. வேறு ஒரு கடிதம், ஒரு சொல், ஒன்றும் இல்லை. நீ அப்படித்தான். வேலையைத் தலையில் வைத்துவிட்டுப் போய்விடுவாய்.

அந்தியேட்டிக்கு உன் வீட்டார் அச்சடித்த நினைவு மலரும் இந்த மேசையில்தான் கிடக்கிறது. அதில் உன்னைப் "பொறுமையின் உருவம்" என்றும் "அதிர்ந்து பேசாதவர்" என்றும் எழுதியிருக்கிறார்கள். வாசித்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தோள் குலுங்கியதைப் பார்த்துவிட்டு, அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தடவினார்கள். ஒத்திகையில் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, "எடி, நடிக்கிறியோ, காணி உறுதி வாசிக்கிறியோ?" என்று என்னைப் பார்த்துக் கத்தியவள் நீ. உன் உத்தியோகம், உன் பிள்ளைகள், நீ போன கோயில்கள் எல்லாம் அந்த மலரில் வரிசையாக இருக்கின்றன. நாடகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. விட்டுப்போனதை நான் எழுதுகிறேன். பிழை இருந்தால் கனவில் வந்து கத்து.

உரும்பிராயில் எங்கள் சனசமூக நிலையத்தின் பின்பக்க மண்டபத்தில், ஆண்டுக்கு ஒரு நாடகம், ஆனி மாதத்தில். அதற்குமேல் நாங்கள் ஒன்றும் பெரிய ஆட்கள் இல்லை. யாருக்கும் சம்பளம் கிடையாது. வெங்காயம் நடுகிற பரமர், தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுகிற நேரத்தில் வரம்பில் குந்தியிருந்து நாடகம் எழுதுவார். மோட்டாரும் மின்விசிறியும் திருத்துகிற குணத்தார் வெளிச்சம் பார்ப்பார். அவர்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரு வாங்கில் இருந்தவர்கள். நான் கந்தோரில் கிளாக்கர். மேடையில் அம்மா, மாமியார், பேய், எது கொடுத்தாலும் நடிப்பேன். நீ மட்டும் மேடைக்கு முன்னால் வரவே மாட்டாய். ஊரின் பிரசவ வீடுகளுக்குப் போகிற குடும்பநல மாது நீ. ஊருக்கு நீ மிஸி. எனக்கு மட்டும் நீ நீ.

முதலாவது நாடகத்துக்கு எங்களிடம் இருந்த ஒரே சொந்தச் சாமான் திரைச்சீலை. அதுவும் குணத்தாரின் மனைவியினுடைய பழைய சேலைகளைத் தைத்துச் செய்தது. மேடையில் வீடு காட்ட வேண்டும் என்றால் மேசை வேண்டும், கதிரை வேண்டும், மணிக்கூடு வேண்டும். யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய் வாடகைக்கு எடுக்கலாம் என்றார் பரமர். நீ சைக்கிளை விட்டு இறங்காமலே, ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னாய்:

"ஊருக்கை சாமான் இல்லையே, ரவுணுக்குப் போறதுக்கு? நடிக்கத் தெரியாதவையிட்டையும் ஒரு கதிரை இருக்கும், பரமண்ணை. அதைக் கேட்டு வாங்குங்கோ. அவையும் நாடகத்துக்கு வந்த மாதிரி."

கேட்டு வாங்க யார் போவது என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை. பிள்ளை நிறுக்கிற தராசோடு நீ போகாத வீடு ஊரில் இல்லை. எந்த வீட்டு அலுமாரிக் கண்ணாடி வெடித்திருக்கிறது, எந்த வீட்டில் வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன சோபா பிரிக்காமலே கிடக்கிறது என்பதெல்லாம் உனக்குத் தெரியும். நீ கேட்ட விதமும் இரவல் கேட்கிற விதமாக இருக்கவில்லை. பரமரின் வீட்டுச் சுவர் மணிக்கூட்டுக்காக அவருடைய மனைவியிடம் போய், "இந்த முறை உங்கடை மணிக்கூடு நடிக்குது, அக்கா. நல்லாத் துடைச்சு வையுங்கோ" என்றாய். அடுத்த நாள் அந்த அக்கா சந்தைக்குள் நின்று, எங்கள் மணிக்கூடு நடிக்கிறது என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். பிறகு வீடுகள் தாங்களாகவே உன்னை வழிமறித்துக் கேட்டன. "மிஸி, எங்கடை குத்துவிளக்குக்கு இந்த வருசமும் ஒண்டும் இல்லையோ?"

உனக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. நாடகம் முடிந்த மறுநாள், வீட்டுக்காரர் காலைத் தேத்தண்ணி குடிக்க முன்னம் சாமான் வீடு போய்ச் சேர வேண்டும். அண்டாவோ பெட்டியோ, உள்ளே இடமுள்ள எதுவும் வெறுமனே போகக்கூடாது. அதற்காகப் பரமரின் வெங்காயத்தில் ஒரு சாக்கு ஒவ்வோர் ஆண்டும் கரைந்தது. அவர் முணுமுணுப்பார். "நாடகம் எழுதிறதும் நான், வெங்காயம் குடுக்கிறதும் நானே?" என்பார். அதற்கு நீ, "வெங்காயத்தைத்தான் சனம் ஞாபகம் வைச்சிருக்கு" என்பாய்.

எனக்கு உன்மேல் பொறாமை வந்தது பட்டியல் வாசிப்பில்தான். நாடகம் முடிந்து நாங்கள் வரிசையாக நின்று கும்பிடுவோம். சனம் அளவாகக் கை தட்டும். அதன்பிறகு நீ நீலக் கொப்பியோடு ஒலிவாங்கிக்கு முன்னால் வருவாய். "மேசை விரிப்பு, கோயிலடி வீடு, எழும்புங்கோ. குடை, கிணத்தடி மூலை வீடு, எழும்புங்கோ." ஒவ்வொரு வீட்டுக்காரரும் எழும்பி வெட்கத்தோடு நிற்பார்கள். மண்டபம் அதிரும். மூன்று மாதமாக வசனம் பாடமாக்கியவள் நான், கைதட்டு வாங்கியது சுவர் மணிக்கூடு. இத்தனைக்கும் அது பத்து நிமிடம் முந்தி ஓடுகிற மணிக்கூடு. நான் உயிரை விடுகிற கட்டத்தில், நடுவில், ஆறு அடித்தது. செத்துக்கொண்டிருந்த நான் ஒவ்வொரு மணியாக எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

பிள்ளையை இரவல் வாங்கிய கதையை இன்னும் ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். கைக்குழந்தை வருகிற காட்சிக்குப் பரமர் தலையணையைச் சுற்றி வைக்கச் சொன்னார். நீ விடவில்லை. மூன்று மாதக் குழந்தை ஒன்றைத் தாயோடு அழைத்து வந்துவிட்டாய். மேடையில் எல்லோரும் தலையில் அடித்து அழ, பிள்ளை மட்டும் நித்திரை. கடைசியில் நீ கொப்பியை விரித்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் வாசித்தாய்: "பிள்ளை, ஒண்டு. ஐஞ்சு கிலோ எழுநூறு. வீட்டுக்காரர் எழும்புங்கோ." தாய் எழும்பி நின்று தகப்பனையும் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பிள்ளைதான் யாழினி. நேற்றைய நாடகத்தில் கதாநாயகி. இந்த முறை நித்திரை கொள்ளவில்லை, நன்றாகவே நடித்தாள்.

இனி, நீயும் நானும் ஒருநாளும் நேராகக் கதைக்காத விசயத்துக்கு வருகிறேன்.

என் அண்ணை பக்கத்து வளவில்தான் இருக்கிறார் என்பதும், நடுவில் உள்ள பங்குக் கிணறு எங்கள் இருவருக்கும் பொது என்பதும் உனக்குத் தெரியும். ஒரு வெயில் காலத்தில், இன்று யாருடைய முறை, யார் பம்பைப் போடுவது என்று தொடங்கிய வாய்த்தர்க்கம், அப்பா பங்கு பிரித்த நாள்வரை போனது. வேலியில் நாங்கள் புகுந்து போய் வருகிற பொட்டு ஒன்று இருந்தது. அண்ணை அதைத் தகரம் வைத்து அடைத்தார். நானும் என் பக்கத்தில் ஒரு தகரம் அடித்தேன். ஆறு ஆண்டுகள் ஒரு கதை இல்லை. தைப்பொங்கலுக்கு இரண்டு பக்கமும் வெடி வெடிக்கும், நாங்கள் கோலத்தைப் பார்த்துக்கொண்டு குனிந்திருப்போம்.

அந்த ஆண்டு பரமரின் நாடகத்துக்கு ஒரு சாப்பாட்டு மேசையும் நான்கு கதிரைகளும் தேவைப்பட்டன. நீ என்னிடம் வந்து மேசையைக் கேட்டாய். அது அப்பாவின் பலாமர மேசை, பங்கில் எனக்கு வந்தது. தந்தேன். கதிரை எங்கே எடுக்கிறாய் என்று நான் கேட்கவில்லை, ஒத்திகையில் வாங்குகளை வைத்தே சமாளித்தோம். நாடகத்தன்று திரை விலகியபோதுதான் பார்த்தேன். எங்கள் மேசையைச் சுற்றி அதன் சொந்தக் கதிரைகள் நான்கும் நின்றன. பங்கில் அவை அண்ணைக்குப் போனவை. ஒன்றின் முதுகில், சின்ன வயதில் அண்ணை ஆணியால் கீறிய கப்பல் அப்படியே இருந்தது. எனக்கு முதல் வசனம் மறந்துவிட்டது. நீ பக்கத் திரையிலிருந்து எடுத்துக் கொடுத்தாய், கத்தாமல், மெதுவாக.

முடிவில் நீ வாசித்தாய். "மேசை, தங்கச்சி வீடு. கதிரை நாலு, அண்ணை வீடு." நான் மேடையில், அண்ணையும் அவர் மனைவி மச்சாளும் முன்வரிசையில். சனம் தட்டியது. அண்ணை எழும்பினார், ஆனால் கூரையைப் பார்த்தார். நானும் கூரையைத்தான் பார்த்தேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போய் வந்து பார்க்கிறேன், என் விறாந்தையில் நான்கு கதிரைகள். மேசையைக் காணவில்லை. உனக்கு அழைத்தேன்.

"எடியே, கதிரையளை இஞ்சை இறக்கிப்போட்டாய். மேசை எங்கை?"

"ஐயோ, மாறிப்போச்சே? மறந்து போனனடி. கிளினிக்குக்கு நேரம் போட்டுது. நீயே ஒருக்கால் குடுத்துவிடன்."

அழைப்பை வெட்டிவிட்டாய். சாமான் ஏற்ற பரமரின் உழவு மெசினைக் கேட்டேன். அன்று அதை ஓட்டியவர் குணத்தார். மெசின் பழுது என்றார். ஊர் மெசின் முழுவதும் திருத்துகிற மனிதர், ஒரு மெசின் பழுதென்று கையை விரிக்கிறார், நானும் நம்பினேன். ஆத்திரத்தோடு ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வேலியடிக்குப் போனேன். தகரத்துக்கு அங்காலே சத்தம் கேட்டது. அண்ணை தன் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நானும் என்னுடையதைக் கழற்றினேன். பொட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணையும் மச்சாளும், நடுவில் மேசை. சரித்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், அது நுழையவில்லை. ஆறு ஆண்டுக்குப் பிறகு அண்ணை என்னோடு கதைத்த முதல் கதை: "பாத்துக்கொண்டு நிக்கிறாய், அந்தப் பக்கத்தைத் தூக்கன்."

தூக்கினேன். அப்போதும் நுழையவில்லை. மச்சாள்தான் சலித்துப்போய்ச் சொன்னார்: "மேசை வராது, கதிரையளைக் கொண்டு வாங்கோ. தேத்தண்ணி ஆறப்போகுது." மேசை அண்ணை வளவில், மாமரத்துக்குக் கீழே நின்றது. நான்கு கதிரைகளையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அதைச் சுற்றிப் போட்டேன். உட்கார்ந்தோம். தேத்தண்ணி குடித்தோம். கிணற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. கப்பல் கதிரையில் யார் இருப்பது என்றுதான் அண்ணையும் நானும் சண்டை பிடித்தோம். தகரம் இரண்டும் பிறகு கோழிக்கூட்டுக்குக் கூரையாகிவிட்டன. பிறகு தெருவால் சுற்றிக் கொண்டுவந்த அந்த மேசையில்தான் இப்போது எழுதுகிறேன். உட்கார்ந்திருப்பது கப்பல் கதிரையில். அண்ணை அதைத் தந்துவிட்டார்.

நீ கடைசிவரைக்கும் மறந்து போனேன் என்றுதான் சொன்னாய். நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன். பேருந்தில் தாடிவைத்த ஒருவனைப் பார்த்து, "நீ ரெண்டு கிலோ நானூறு, தலை பெரிசு" என்று சொல்லுகிறவளுக்கு ஒரு மேசையும் கதிரையும் மறக்குமா? நீ உடனே கதையை மாற்றிவிடுவாய்.

மார்கழியில் நீ போனாய். இரண்டு கிழமைக் காய்ச்சல் என்று போனவள் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெரியவில்லை. வலித்தது, இப்போதும் வலிக்கிறது.

உனக்குப் பிறகு எங்கள் கூட்டம் உடைகிற நிலைக்கு வந்துவிட்டது. உன் ஆண்டுத் திவசம் முடியும்வரை மேடை வேண்டாம் என்றார் குணத்தார். "மிஸி இல்லாத மேடைக்கு நான் வயர் இழுக்கமாட்டன்." பரமர் எழும்பிவிட்டார். "மேடையை மூடினால்தான் மிஸி உண்மையாச் செத்தது, குணம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். குணத்தார், "நீ உன்ரை பேருக்குத்தான் நாடகம் போடுறாய்" என்று சொல்லிவிட்டார். ஒரு வாங்கில் இருந்த இரண்டு பேர், ஐந்து மாதம் ஒருவர் வருகிற ஒழுங்கையில் மற்றவர் வருவதில்லை. அவர்கள் இருவரும் இல்லையென்றால் கூட்டம் இல்லை. மற்றவர்கள் எல்லாம் அவர்கள் முகத்தைப் பார்த்து வந்தவர்கள்.

நான் குணத்தாரின் வீட்டுக்கு நடையாய் நடந்தேன். கடைசியில் இறங்கி வந்தார். "வெளிச்சம் போடுறன். அவனோடை கதைக்கமாட்டன்." ஒத்திகையைப் பார்த்திருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். இருவரும் இரண்டு முழ இடைவெளியில் நிற்பார்கள். "லைற்றைக் குறைக்கச் சொல்லு, தங்கச்சி" என்பார் பரமர். "குறைச்சாச்சு எண்டு சொல்லு, தங்கச்சி" என்பார் குணத்தார். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

சாமான் வாங்குகிற வேலையும் என் தலையில் விழுந்தது. எனக்குப் பயம் வந்தது. வீடுகள் உனக்குத்தான் திறந்தன. நீ அவர்களின் பிள்ளையைக் கையில் ஏந்தியவள். நானோ கந்தோர் யன்னலுக்குள் இருந்துகொண்டு, "இதுக்கு இன்னொரு கடிதம் வேணும், நாளைக்கு வாங்கோ" என்று அதே சனத்தைத் திருப்பி அனுப்புகிறவள். முதலில் போன வீட்டுப் பெண்ணை நான் மூன்று தரம் அலைய வைத்திருக்கிறேன். படலையில் என்னைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன, கிளாக்கர் அக்கா? என்ன அலுவல்?"

"பிள்ளை, நாடகத்துக்கு உங்கடை குத்துவிளக்கு..."

"விண்ணப்பம் நிரப்பினனீங்களோ? அடையாள அட்டை ரெண்டு போட்டோக் கொப்பி கொண்டு வந்தனீங்களோ?"

அவள் கொஞ்ச நேரம் முகத்தை இறுக்கமாக வைத்திருந்துவிட்டுச் சிரித்துவிட்டாள். உள்ளே போய் விளக்கை எடுத்து வந்தாள். புளி போட்டு மினுக்கித் துணியில் சுற்றி, எப்போதோ தயாராக வைத்திருந்த விளக்கு. "மிஸி போன வருசமே சொன்னவ, இந்த முறை விளக்கு நடிக்கும் எண்டு. ஆர் வருவினம் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றாள். மற்ற எட்டு வீட்டிலும் ஏறக்குறைய இதே கதை. கந்தோரில் மறுநாள் அந்தப் பெண்ணின் விண்ணப்பக் கோவையை நானே தேடி எடுத்து முடித்துக் கொடுத்தேன்.

அந்தக் கிழமைதான் உன் நீலக் கொப்பியை முதலில் இருந்து வாசித்தேன். ஒரு நாடகத்துக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு மூன்று பத்தி: சாமான், எந்த வீடு, போகவேண்டிய இடம். மூன்றாவது பத்தி எல்லாப் பக்கத்திலும் வெறுமையாகவே கிடந்தது, வந்த வீட்டுக்கே போகிற சாமானுக்கு வேறு இடம் எழுதத் தேவையில்லைத்தானே. ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு வரி எழுதியிருந்தாய். மேசை, தங்கச்சி வீடு, போகவேண்டிய இடம் அண்ணை வீடு. கதிரை நான்கு, அண்ணை வீடு, போகவேண்டிய இடம் தங்கச்சி வீடு. மற்ற வரிகள் எழுதிய அதே பேனை, அதே மை. நாடகத்துக்கு முன்னமே எழுதியிருக்கிறாய். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தனியே இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். கள்ளி.

நேற்று நாடகம் நன்றாகப் போனது. மண்டபம் கொள்ளாமல் வெளியே வேலியோரமும் சனம் நின்றது. பரமரின் மணிக்கூடு இந்த முறை சரியான இடத்தில் அடித்தது, அதற்கும் வயது வந்து புத்தி வந்திருக்க வேண்டும். கடைசியில் கொப்பியோடு நான் ஒலிவாங்கிக்கு முன்னால் போனேன். குத்துவிளக்கு, மேசை ஃபான், மணிக்கூடு என்று வாசித்தேன், வீடுகள் எழும்பின. இறுதி வரியை நான் எழுதியது யாருக்கும் தெரியாது. "ரியூப் பட்டி, ஒண்டு. மிஸி வீடு." "எழும்புங்கோ" என்று நான் சொல்ல முன்னமே உன் மகள் எழும்பினாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த மண்டபம் முழுவதும் எழும்பியது. குணத்தார் எல்லா விளக்கையும் ஒரேயடியாகப் போட்டார், எங்கள் அழுத மூஞ்சிகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

ஆனால் அதோடு அவர்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்காதே. குணத்தார் வயரைச் சுற்றிக்கொண்டே, "இதோடை சரி, தங்கச்சி. அடுத்த வருசம் வேறை ஆளைப் பாருங்கோ" என்றார். பரமர் தன் நாடகக் கொப்பிகளையெல்லாம் வாசிகசாலைக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். இருவரும் அதை என்னிடம்தான் சொன்னார்கள், இரண்டு முழ இடைவெளியில் நின்று.

அதனால் வீட்டுக்கு வந்து, மூன்றாவது பத்தியில் இரண்டு வரி எழுதினேன்.

மேசை ஃபான் குணத்தார் வீட்டினது. மணிக்கூடு பரமர் வீட்டினது. இரண்டையும் அவர்களின் மனைவிமாரிடம்தான் கேட்டு வாங்கினேன், அதுவும் உன்னிடம் படித்தது. இன்று காலை மணிக்கூட்டைச் சாக்கில் சுற்றி, ரியூப் பட்டியால் கரியரில் இறுக்கிக் கட்டிக் கொண்டுபோய்க் குணத்தாரின் விறாந்தையில் வைத்தேன். ஃபானைப் பரமரின் விறாந்தையில் வைத்தேன். இரண்டு வீட்டிலும் ஆட்கள் எழும்பவில்லை. திருடியைப் போல ஸ்கூற்றரைத் தள்ளிக்கொண்டு வந்துதான் ஒழுங்கையில் ஸ்ரார்ட் பண்ணினேன். அதன்பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். உண்மையில், பயத்தில் வேறு ஒன்றும் செய்ய முடியாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரு. ஃபோன் அடிக்கிறது.

குணத்தார்தான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தங்கச்சி, என்ரை ஃபானைக் காணேல்லை. அவன்ரை மணிக்கூடு இஞ்சை வந்து நிக்குது."

"ஐயோ அண்ணை, மாறிப்போச்சே? மறந்து போனன்."

அந்தப் பக்கத்தில் மணிக்கூடு எட்டு அடித்தது. என் கைக்கடிகாரத்தில் எட்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அதற்குப் புத்தி ஒன்றும் வரவில்லை. எட்டாவது மணி அடித்து முடியும்வரை பொறுத்திருந்துவிட்டுக் குணத்தார் கதைத்தார்.

"உப்பிடித்தான் மிஸியும் மறந்தவ. அண்டைக்கு மெசின் ஓடினது நானெல்லோ. உன்ரை படலையிலை மேசையை இறக்கப் போனன். 'அங்காலை, அங்காலை' எண்டு என்னைக் கலைச்சவ. மெசின் பழுதெண்டு சொல்லச் சொன்னதும் அவதான்."

உன்னுடைய இரகசியத்தைக் கொப்பியில் கண்டுபிடித்தவள் நான் ஒருத்திதான் என்று இறுமாந்திருந்தேன். இந்த மனுசன் இவ்வளவு காலமும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறது.

"அண்ணை, அப்ப கோவமோ?" என்றேன்.

"பேந்து கதைக்கிறன், வை. படலையடியிலை பரமன் நிக்கிறான், ஃபானைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு." பிறகு குரல் ஃபோனை விட்டு விலகிப் போனது. "என்னடா, வாசல்லை நிண்டு பாக்கிறாய்? உள்ளை வா. தேத்தண்ணி ஊத்தியாச்சு."

வைத்துவிட்டார்.

அழுகிறேனா, சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நினைவு மலர்க்காரர்கள் பக்கத்தில் இல்லாதது நல்லது. பொட்டுக்கு அங்காலே மச்சாள் கூப்பிடுகிறார், இடியப்பம் ஆறுகிறதாம். போக முன்னம், உன் பட்டியை மடித்து ஸ்கூற்றர் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அடுத்த ஆனிக்கும் தேவைப்படும். ஊர்ப் பிள்ளைகளின் நிறையெல்லாம் மனதில் வைத்திருக்கிற உன்னுடைய ஞாபகசக்தி எனக்கு ஒருநாளும் வராது. உன்னுடைய மறதியைப் பழகிவிட்டேன்.